கைக்குத் தெரியாத சூடு

ரசம் வைக்கிற பாத்திரத்தில் வண்டிச் சாமானைப் போட்டுக் கொதிக்கவிட்டால், அப்புறம் ஒரு வாரத்துக்கு ரசம் ருசிக்காது. இதை அன்றைக்கே உங்களிடம் சொன்னேன், சுலைமான் பாய். வண்டி நல்லபடியாக ஓடட்டும், புதுப் பாத்திரம் வாங்கித் தருகிறேன் என்று சிரித்தீர்கள். வாங்கித் தரவில்லை. கேட்கிற நிலைமையும் அப்புறம் வரவில்லை.

உங்கள் வீட்டுக்காரம்மா கொடுத்த டீ நன்றாக இருக்கிறது. அவர் உள்ளேயே இருக்கட்டும். நான் மேனாம்பேட்டிலிருந்து இந்தக் கள்ளிக்குப்பம் வரைக்கும் நடந்து வந்தது உங்களிடம் மட்டும் பேசத்தான். நடுவில் ஒன்றும் கேட்காதீர்கள். கேட்டால் எனக்கு வரிசை தப்பிவிடும். ஆறு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கஜபதிக்குப் பேப்பர் படித்துக் காட்டினீர்கள். அப்புறம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"நைனா, அந்த வால்வ நான்தான் தலகீழா வெச்சுட்டேன். தொழுகைக்கு நேரமாச்சேன்னு அவசரத்துல வெச்சேன். உன் கண்ணு ரெண்டையும் எடுத்தது நான்தான்."

அவன் உங்கள் கையைத் தட்டிக்கொடுத்து, "உடு பாய். நீ இன்னா வேணும்னா செஞ்சே" என்றான்.

நீங்கள் அழுதீர்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அதனால்தான் வந்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வால்வைச் சரியாகத்தான் வைத்தீர்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம், மே மாதம். என் வீட்டுக்காரர் வீராசாமி போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போன ரேடியேட்டர் கடையை நானே நடத்திக்கொண்டிருந்தேன். பொம்பளை ஈயம் வைத்தால் நிற்குமா என்று கேட்ட லாரிக்காரர்கள்கூட அதற்குள் என்னிடமே வர ஆரம்பித்திருந்தார்கள். உங்கள் மெக்கானிக் ஷெட் என் கடைக்குப் பக்கத்தில். கஜபதிக்கு இருபத்து நாலு வயசு. கல்யாணமாகி ஒரு வருஷம். ஆவடி ஸ்டேஷனில் யார் யார் டாக்சியையோ ஓட்டிக்கொண்டிருந்தவன், சொந்தமாக ஒரு பழைய அம்பாசடரைப் பிடித்து வந்தான். பெட்ரோல் இன்ஜின், செத்துப்போனது. அதை எடுத்துவிட்டு, எங்கேயோ உடைத்த வேனின் டீசல் இன்ஜினை ஏற்றித் தருகிறேன் என்றீர்கள். அப்போது நம் ரோட்டில் மாதத்துக்கு இரண்டு வண்டியாவது அப்படி வயிறு மாறிக்கொண்டிருந்தது.

டீசலுக்குச் சூடு அதிகம். வண்டியோடு வந்த ரேடியேட்டர் பற்றாது. புதுப்பேட்டையில் போய்ப் பழசு ஒன்று பார்க்கலாம் என்றீர்கள். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். என் மகன் வண்டி ஆயிற்றே. ஒரு லாரி ரேடியேட்டரின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து, மூன்று வரிசைக் குழாய் இருந்த இடத்தில் நாலு வரிசை வைத்து, மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் ஈயம் வைத்து ஒட்டினேன். பதினோரு நாள் வேலை. தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை. நான் செய்ததிலேயே நல்ல ரேடியேட்டர் அதுதான்.

அப்புறம் வால்வு. நம் பக்கத்து மெக்கானிக்குகள் எந்த வண்டி வந்தாலும் முதலில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறிவார்கள். இன்ஜின் சூடேறுகிற வரைக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்கிற கதவுதானே, மெட்ராஸ் வெயிலுக்கு அது எதற்கு என்பார்கள். கஜபதியும் அதையேதான் சொன்னான்.

"இன்னா பாய், ஊரே புடுங்கிப் போடுது. நீ தேடிப்புடிச்சு வாங்கியாந்து மாட்றே."

நீங்கள் பானெட் மேலிருந்த தூசியில் விரலால் படம் போட்டுக் காட்டினீர்கள். இந்த இன்ஜினில் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டருக்குப் போகிற பெரிய வழி. இன்னொன்று இன்ஜினுக்குள்ளேயே சுற்றுகிற குறுக்கு வழி. வால்வு பெரிய வழியைத் திறக்கும்போது அதன் அடித்தட்டு குறுக்கு வழியை அடைக்கும். வால்வே இல்லையென்றால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும், தண்ணீர் சுலபமான பக்கம் போய்விடும், ரேடியேட்டருக்குச் சரியாக வராது. பழைய அம்பாசடருக்குச் செய்கிற வேலையை இதற்குச் செய்தால் இன்ஜின் வெந்துவிடும் என்றீர்கள். கஜபதி பாதிதான் கேட்டான். நான் முழுக்கக் கேட்டேன்.

மூன்று வால்வு வாங்கி வந்தீர்கள். மூன்றையும் நூலில் கட்டி என் ரசப் பாத்திரத்துக்குள் தொங்கவிட்டோம். ஒன்று தண்ணீர் வெதுவெதுப்பாகும்போதே வாயைத் திறந்தது. ஒன்று தளபுளவென்று கொதித்தும் திறக்கவில்லை. மூன்றாவது, பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் கட்டி, இன்னும் கொதி வராத நேரத்தில், மெதுவாகத் திறந்தது. "இதான் சொர்ணக்கா" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அந்த நிமிஷம் வரைக்கும் என் மனசில் ஒன்றும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை காலையில் வனஜா சொன்னாள். என் மருமகளைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். குவாட்டர்ஸில் வளர்ந்த பெண், மரியாதை தெரிந்தவள். அவள் அண்ணன் பரந்தாமன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். அந்தக் கம்பெனிக்கு மாதக் கணக்கில் ஓட வண்டி வேண்டுமாம். வீடும் பார்த்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்களாம். எல்லாம் முடிவாகி என்னிடம் சொல்வதுதான் பாக்கி இருந்திருக்கிறது. நான் பதினோரு நாள் உட்கார்ந்து செய்த ரேடியேட்டர் ஓசூர் போவதற்குத்தான் என்று எனக்கு மட்டும் தெரியவில்லை.

"நீங்களும் வந்துருங்க அத்தை. தனியா என்ன பண்ணுவீங்க" என்றாள் வனஜா.

கூப்பிட்டாள். அதை மறைக்க மாட்டேன். கடையை யார் பார்ப்பது என்று சொன்னேன். இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் பாத்திரம் கட்டப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வால்வை அதன் குழியில் உட்காரவைத்து, மூடியை மேலே வைத்து, இரண்டு போல்ட்டையும் கையால் மட்டும் திருகிவிட்டு, வந்து முடுக்குகிறேன் என்று தொழுகைக்குப் போனீர்கள். கஜபதி டயருக்குக் காற்றடிக்கப் போயிருந்தான். நான் ஹோஸ் மாட்ட வந்தேன். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வால்வு சரியாக உட்கார்ந்திருந்தது. எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். மூடியை வைத்து ஸ்பானரால் முடுக்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நீங்கள் வந்து பார்த்துவிட்டு, முடுக்கியாச்சா அக்கா என்று கேட்டீர்கள். ஆச்சு பாய் என்றேன். நல்லதாப் போச்சு என்றீர்கள்.

நான் கணக்குப் போட்டது இதுதான். சும்மா பூந்தமல்லி வரைக்கும் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீங்களும் சனிக்கிழமை காலையில் அப்படித்தான் ஓட்டிப் பார்த்தீர்கள், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கட்டிலும் பீரோவும் மேலே கட்டி, மே மாத வெயிலில் அழுத்தி ஓட்டினால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டாது. வண்டி இழுக்காது. திரும்பி வருவான். சரி பண்ணிப் போவான், மறுபடியும் திரும்பி வருவான். சூடேறுகிற வண்டிகளை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். அவை ஊரைத் தாண்டாது. நாலைந்து நாள் பார்த்துவிட்டுப் பரந்தாமன் வேறு வண்டியை வைத்துக்கொள்வான். அப்புறம் எல்லாம் பழையபடி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நான்தான் வைத்தேன். "சூடு ஆச்சுன்னா அதுக்கு மேல போவாத. திரும்பி வந்துரு" என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "நீ செஞ்சது கீதே, சூடு எங்கம்மா ஆவும்" என்றான். போனதும் மார்க்கெட்டுக்குப் போய்க் காரப்பொடி மீன் வாங்கி வந்தேன். கஜபதிக்குப் பிடிக்கும். மூன்று பேருக்குக் குழம்பு வைத்தேன். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்கள் என்று இலைகூட நறுக்கி வைத்திருந்தேன்.

நடந்ததை வனஜா ஆஸ்பத்திரியில் சொன்னாள். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள், கேட்டீர்கள். ஆனாலும் நான் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டிவிட்டார்கள். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் தூரம் போய்விட்டது. நல்ல ரேடியேட்டர் இல்லையா, கசிந்து வந்த தண்ணீரைக்கூட அது ஆறவைத்துக் கொடுத்திருக்கும். அப்புறம் வண்டி இழுக்கவில்லை, ஒரு கருகல் வாசனை. நிழல் பார்த்து நிறுத்தியிருக்கிறான். அந்த வண்டியில் சூடு காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கைதான். ரேடியேட்டர் கடைப் பிள்ளை. ரேடியேட்டர் மூடியைத் திறப்பதற்கு முன்னால் புறங்கையை மேல் தொட்டியில் வைத்துப் பத்து எண்ண வேண்டும், கை தாங்கினால் திறக்கலாம், தாங்காவிட்டால் காத்திருக்க வேண்டும். பத்து வயசில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் கையைப் பிடித்து வைத்து, நானே பத்து வரைக்கும் எண்ணிக் காட்டினேன்.

புறங்கையை வைத்துப் பத்து எண்ணியிருக்கிறான். தாங்கியிருக்கிறது. வனஜாவையும் கூப்பிட்டுத் தொடச் சொல்லியிருக்கிறான். அவளும் தொட்டாள். குளிக்கிற தண்ணீர் அளவுக்குத்தான் இருந்ததாம்.

"பாத்தியா, நம்ம ரேடியேட்டர்ல தப்பு இல்ல. எங்கம்மா கை வெச்ச ரேடியேட்டராச்சே" என்று சொல்லிக்கொண்டே குனிந்து மூடியைத் திருகியிருக்கிறான்.

இன்ஜினுக்குள் அடைபட்டுக் கொதித்த தண்ணீர் அவ்வளவும் அவன் முகத்துக்கு வந்தது.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலை விட்டு நீங்கள் நகரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு லாரியில் கட்டி வண்டியை நம் ரோட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்குக் காலையில் துணி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று நான் வீட்டுக்கு வந்தேன், நினைவிருக்கும். நீங்கள் என்றைக்கானாலும் அந்த வால்வு மூடியைத் திறந்து பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். திறந்தால் வால்வு இருக்காது. வால்வு இல்லையென்றால் யார் எடுத்தது என்ற கேள்வி வரும். முடுக்கினது நான்.

அதனால் வால்வைத் திரும்ப வைத்தேன். தலைகீழாக வைத்தேன். தலைகீழாக இருந்தால் சூடு தெரிகிற பக்கம் மேலே போய்விடும், அதில் வெந்நீர் படாது, கதவு திறக்காது, ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்கும், நடந்தது எல்லாவற்றுக்கும் பொருந்திவரும். இரண்டு போல்ட். அதே பத்து நிமிஷம். அந்த நேரத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் என் மகனுக்கு விசிறிக்கொண்டு இருந்தீர்கள்.

புதன்கிழமை திறந்து பார்த்தீர்கள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். அப்புறம் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தீர்கள். அந்த மாதமே ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டீர்கள். அதற்கப்புறம் நீங்கள் ஒரு இன்ஜினையும் தொடவில்லை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் வரும்போது, உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. யாராவது ஒருவர் செய்ததாக இருக்க வேண்டியிருந்தது, பாய். நான் செய்ததாக இருந்தால் அவன் என் கையால் சாப்பிட மாட்டான். அப்புறம் அவனை யார் பார்த்துக்கொள்வது.

இந்தாருங்கள். சாக்கடையிலிருந்து அன்றைக்கே பொறுக்கி வைத்தேன். அஞ்சறைப்பெட்டியில் மிளகுக்கு அடியில் இருந்தது. நேற்றுப் பொழுது சாய்ந்ததும் ரசப் பாத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் கொப்புளம் கட்டுகிற அதே நேரத்தில்தான் இன்னும் திறக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்தது தப்பாகவில்லை.

வனஜாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். கட்டு மாற்றுவாள், சோறு ஊட்டுவாள், கையைப் பிடித்து ரோடு முனை வரைக்கும் நடத்திக் கூட்டிப் போவாள். அவள் பேச்சுக்கு அவன் சிரிக்க ஆரம்பித்திருந்தான். ஒருநாள் அவளிடம் சொன்னேன், அவசரப்பட்டு ஓசூர் ஓசூர் என்று நீ நெருக்கினாய், அதை அவன் வாயால் சொல்ல மாட்டான், ஆனால் மனசில் வைத்திருக்கிறான் என்று. அவன் அப்படி ஒன்றும் வைத்திருக்கவில்லை. அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவனிடம், பாவம் சின்னப் பெண், எத்தனை நாள் தாங்குவாள் என்றேன். கடிதம் எழுதினாள். ஏழு வந்தது. எனக்குப் படிக்கத் தெரியும். அவனுக்குப் படித்துக் காட்டவில்லை.

இப்போது அவன் கடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். ரேடியேட்டரின் வளைந்த தகடுகளை விரலால் தடவித் தடவி நிமிர்த்துவான். அந்த வேலையைக் கண் இருக்கிறவன்கூட அப்படிச் செய்ய மாட்டான். எது எங்கே இருக்கிறது என்று என்னைத்தான் கேட்பான். நான் தண்ணீர்க் குடத்தோடு தெரு முனைக்குப் போய் நின்றால்கூட, "எங்கம்மா போனே" என்று குரல் வரும். அந்தக் குரலுக்கு நான் ஓடி வருவேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

யாருக்கும் ஒரு கீறலும் வராது என்று நினைத்தேன் என்றேன் அல்லவா. என் வீட்டுக்காரரின் வலது கையில் முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி இருந்ததே, நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். எழுபத்து மூன்றில் ஒரு வேன் வந்தது. வால்வு பிடுங்கிய வேன். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். ராத்திரி நான் மருந்து தடவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "வால்வு இல்லாத வண்டில கைய மட்டும் நம்பாத சொர்ணம். வெளிய பச்சத்தண்ணியா இருக்கும். உள்ள எமன் குந்திகினு இருப்பான்."

அதைக் கஜபதிக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்னப் பையன் பயந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன். ஆனால் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வால்வு மூடியைத் தூக்கியபோதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவன் காரில் ஏறி உட்கார்ந்தபோது, தொட்டுப் பார்த்துத் திறக்காதேடா என்ற பேச்சு என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் ஏன் சொல்கிறாய் என்று கேட்பான். வண்டியை மறுபடி பிரிப்பீர்கள். சரி பண்ணுவீர்கள். சாயங்காலத்துக்குள் ஓசூர் போய்விடுவான். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். போய்ட்டு வா என்றேன்.

அவ்வளவுதான் பாய். என் மகன் கண்ணை எடுத்தது நான். நீங்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள், உங்கள் பள்ளிவாசலில் சொல்லுங்கள், வனஜாவுக்கு எழுதிப் போடுங்கள், நான் மறுக்க மாட்டேன். கஜபதியிடம் மட்டும் வேண்டாம்.

நீங்கள் நல்ல மனுஷர். செய்யாத பாவத்துக்கு ஆறு வருஷம் தலைகுனிந்து நடந்துவிட்டீர்கள். நேற்று அழுது முடித்ததும் அவனிடம் வேறொன்றும் சொன்னீர்கள். பூந்தமல்லியில் கண் தெரியாதவர்களுக்குத் தொழில் சொல்லித்தருகிற இடம் இருக்கிறது, டெலிபோன் போர்டு வேலைகூடக் கிடைக்கும், இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்கலாம், திங்கட்கிழமை காலையில் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றீர்கள். நீங்கள் போனதும், "என் சட்டையெல்லாம் எங்கம்மா கீது" என்று கேட்டான். தானே தடவித் தடவி ஒரு பையில் எடுத்து வைத்திருக்கிறான்.

இவ்வளவும் எதற்குச் சொன்னேன் என்றால், இனிமேல் நீங்கள் அவனுக்காக அலைய வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. திங்கட்கிழமை வராதீர்கள். வெள்ளிக்கிழமையும் வர வேண்டாம். பேப்பரை நானே படித்துக் காட்டிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை அவன் விடிந்ததும் குளித்துவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். பத்து மணி வரைக்கும் காத்திருப்பான். அப்புறம் பசிக்கும். இரண்டு பேருக்குக் காரப்பொடிக் குழம்பு வைக்கலாம் என்று இருக்கிறேன்.